நாற்பது நிமிட டிராக்டர்

ஜூன் 3
டிராக்டர் இன்றும் நாற்பது நிமிடம் ஓடி நின்றுவிட்டது. இரண்டு முறை தடுமாறியது, பிறகு மௌனம். அப்பா எனக்கும் தம்பிக்கும் பொதுவாக விட்டுப்போன வண்டி. என்னைவிட இரண்டு வயது மூத்தது. மழைக்கு முன் எங்கள் இருவர் நிலத்தையும் இதுதான் உழவேண்டும். டேங்கைத் திறந்து பார்த்தேன். டீசல் பாதிக்கு மேல் இருந்தது. ஃபில்டரை மாற்றினேன். ஓடியது. முப்பது வருடம் நூலகத்தில் குப்பை கொட்டியவனுக்கு இயந்திரம் தெரியாது என்று யார் சொன்னது?

ஜூன் 4
நாற்பது நிமிடம்.

ஜூன் 6
கையேட்டில் எரிபொருள் அத்தியாயத்தை இரண்டு முறை படித்தேன். டேங்கைத் திறந்து அளவு பார்த்துவிட்டு, குழாயைக் கழற்றி ஊதினேன். வாயெல்லாம் டீசல். உள்ளே புகுந்திருந்த காற்றை வெளியேற்றி முடுக்கினேன், கிளம்பியது. வெற்றியை மனைவியிடம் அறிவித்தேன்.

"எத்தனை நிமிஷத்துக்கு?" என்றாள்.

ஜூன் 7
தம்பி வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். "அண்ணே, எனக்கென்னவோ..." என்று ஆரம்பித்தான். நான் விடவில்லை.

"உனக்கென்ன? நீ வாங்கிட்டு வர்ற டீசல்லதான் கோளாறு."

"நான் என்ன தண்ணியா கலந்து ஊத்துறேன்?"

"கலந்திருந்தாலும் உனக்குத் தெரியவா போகுது? பத்தாவதையே மூணு தடவை எழுதினவன்தானே."

அவன் மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள். தம்பி கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்து, சீட்டின் மேல் வைத்துவிட்டுப் போனான். எறிந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஜூன் 9
தம்பி வரவில்லை. "போய் ஒரு வார்த்தை பேசிட்டு வாங்களேன்" என்கிறாள் மனைவி. வண்டி சரியாகட்டும் என்றேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பிறகு என்னையே கேட்டுக்கொண்டேன். டீசலைப் பற்றித்தானே பேச்சு — பத்தாவதை எதுக்குடா இழுத்தே, அறிவுகெட்டவனே?

ஜூன் 12
மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். இன்ஜினை ஓடவிட்டு, ஓரமாக உட்கார்ந்து மூன்று பேரோடு போனில் பேசினார். வண்டி நின்றதும் எழுந்துபோய் டேங்க் மூடியைத் திருகினார். புஸ் என்று காற்று உள்ளே போனது.

"கேட்டுச்சா சார்? டீசல் இறங்க இறங்க மேல காத்து போகணும். இந்த மூடியில ஓட்டையே இல்ல. டேங்கு மூச்சுத் திணறுது. பழைய மூடி எங்க?"

எறிந்தாயிற்று. துருப்பிடித்து, நடுவில் ஓட்டையோடு அசிங்கமாக இருக்கிறதென்று போன மாதம் நான்தான் புதிதாகக் கச்சிதமான மூடி வாங்கிப் போட்டேன்.

"ஒவ்வொரு தடவையும் மூடியத் திறந்து பாத்திருப்பீங்களே?"

"ஆமாம்."

"அதான் ஓடியிருக்கு. நீங்க செஞ்ச வேலையால இல்ல."

மூடியில் ஒரு துளை போட்டார். இரண்டு நிமிட வேலை. கிளம்பும்போது, "மூடி மேலதான் சந்தேகம்னு உங்க தம்பி போன வாரமே பட்டறைக்கு வந்து சொன்னாரே. உங்ககிட்ட சொல்லலையா?" என்றார்.

ஜூன் 13
தம்பி வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் திருத்திக்கொண்டே நடந்தேன். 'மன்னிப்பு' என்ற சொல் வராமலேயே நன்றாக அமைந்துவந்தது. கதவைத் திறந்தது அவன் மனைவி.

"அவர் ஊர்ல இல்லைங்க. குடோன்ல வேலை கெடச்சு, முந்தாநாள் போயிட்டாரு. நெலத்தைக் குத்தகைக்கு விட்டாச்சு, அஞ்சு வருஷத்துக்கு."

"வண்டி..."

"அது உங்களுக்கே இருக்கட்டும்னு சொன்னாரு."

உட்காரச் சொல்லவில்லை. வாக்கியத்தை அப்படியே திருப்பி எடுத்துவந்தேன்.

ஜூன் 14
போன் எடுக்கவில்லை. இரண்டு முறை.

ஜூன் 17
காலை ஆறிலிருந்து வண்டி தடுமாறவே இல்லை. என் நிலம் முடியப்போகும் நேரத்தில், வரப்புக்கு அந்தப் பக்கம் குத்தகைக்காரரின் டிராக்டர் எதிரே வந்தது.

"பழைய வண்டி சூப்பரா ஓடுதே! கோளாறைக் கண்டுபிடிச்சது யாரு?" என்று கத்தினார்.

"தம்பி" என்றேன்.

காதில் கைவைத்து, "யாரு?" என்றார்.

இன்ஜினை அணைத்துவிட்டு மறுபடி சொன்னேன்.