பிளஸ் டூ என்று எழுதினேன்

புதுத்துணியின் கஞ்சி வாசம் கையைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன். சோற்றிலும் அதே வாசம். தென்காசியில் நீ பில் போட்ட அதே ஜவுளிக்கடையில், அதே கவுண்டரில் நான் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. எதுவானாலும் உன்னிடம்தான் முதலில் சொல்வேன். நீ போய் இரண்டு வருடமாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை.

கல்லூரியில் வரலாற்றுப் பிரிவை மூடிவிட்டார்கள். போன வருடம் சேர்ந்தது நான்கு பேர், இந்த வருடம் அதுவும் இல்லை. ஒன்பது வருடம் விரிவுரையாளர் என்று பெயர். கொத்தனார் சம்பளத்தில் பாதி, மே மாதம் அதுவும் கிடையாது. பேரு பெத்த பேரு, குடிக்கத் தண்ணி கெடையாது என்று சிரிப்பாயே, அதேதான்.

எம்.ஏ. படித்த காலத்தில் ஒரு சீசனுக்குக் குற்றாலம் போனோம். வந்தவர்களெல்லாம் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு அருவிக்கு ஓட, நாம் இருவரும் குற்றாலநாதர் கோயில் சுவரில் பழைய வட்டெழுத்துக் கல்வெட்டை எழுத்துக்கூட்டிக்கொண்டு நின்றோம். ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் ஆனது. சாரலில் நோட்டு நனைந்தது. "ஏட்டி, வெளக்கெரிக்க எவனோ ஆடு குடுத்தத நாம நின்னு வாசிக்கோம். நமக்கு எவன் சோறு குடுப்பான்?" என்றாய். அன்றைக்கு அது வேடிக்கையாக இருந்தது. இப்போது கல்வெட்டைப் பற்றிப் பேச எனக்கு இந்த ஊரில் ஒரு ஆள் இல்லை.

நீ துணிக்கடையில் சேர்ந்தபோது எனக்குக் கோபம். பல்கலைக்கழக ரேங்க் வாங்கியவள் பில் போடுவதா என்று இரண்டு மாதம் உன்னோடு சரியாகப் பேசவில்லை. எனக்கென்ன, சாக்பீஸ் பிடித்த கை, கர்வத்துக்குக் குறைவில்லை.

ஆண்டு விழாவுக்கு ஆசிரியைகள் எல்லோரும் ஒரே நிறத்தில் புடவை எடுக்க உன் கடைக்குத்தான் வந்தோம். கவுண்டரில் நீ. என்னைப் பார்த்ததும் கண்ணை அகல விரித்து ஒரு பார்வை பார்த்தாய். கூச்சப்படுகிறாய் என்று நினைத்தேன். உன் கூச்சத்தைப் போக்கத்தான், கடை முழுக்கக் கேட்கும்படி எங்கள் துறைத்தலைவியிடம் சொன்னேன்: "மேடம், இவ எங்க செட்டு. எம்.ஏ.ல யூனிவர்சிட்டி ரேங்க். வட்டெழுத்தெல்லாம் வாசிப்பா."

பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார். "எம்மா, பிளஸ் டூன்னுல்லா எழுதிக் குடுத்திருக்க?"

நீ எங்கள் புடவைகளுக்கு ஒவ்வொன்றாக பில் போட்டுக் கொடுத்தாய். அந்த வாரக் கடைசியில் உன்னை நிறுத்திவிட்டார்கள்.

உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். அப்போதுதான் முழுக் கதையும் சொன்னாய். "மூணு கடையில எம்.ஏ.ன்னு எழுதிக் குடுத்தேன். படிச்ச பிள்ள நிலைக்க மாட்டான்னு திருப்பி அனுப்பிட்டாவ. இங்கன பிளஸ் டூன்னு எழுதினேன், மறுநாளே வரச் சொல்லிட்டாவ." நான் அழுததைப் பார்த்து நீதான் தேற்றினாய். "விடுட்டி. பெருமையிலதான சொன்ன."

பிறகு எர்ணாகுளத்தில் ஒரு துணிக்கடைக்குப் போனாய். எட்டுப் பேர் தங்கிய அறை, கடைச் சாப்பாடு. மஞ்சள் காமாலையோடு திரும்பி வந்தாய், பன்னிரண்டாம் நாள் நீ இல்லை. என் வாய்தான் உன்னைக் கொன்றது என்று சொன்னால் நீ திட்டுவாய். இல்லை என்று சொல்லவும் எனக்கு மனது வரவில்லை.

இந்தக் கடையில் இப்போது சூப்பர்வைசர் வேறு ஆள். விண்ணப்பத்தில் கல்வித் தகுதி என்ற இடத்தில் பிளஸ் டூ என்று எழுதினேன்.  

நேற்று மத்தியானம் ஒரு பெண் வேலை கேட்டு வந்தாள். ஆய்க்குடிக்காரி, என்னிடம் பி.ஏ. வரலாறு படித்தவள். சூப்பர்வைசர் அவளிடம் விண்ணப்பத்தைக் கொடுத்து, "அந்தா, அந்த அக்காட்ட பேனா வாங்கி எழுதிக் குடும்மா" என்று என்னைக் காட்டினார். திரும்பியவள் முகம் மலர்ந்து வாயைத் திறந்தாள்.

நான் அவளைப் பார்த்தேன். அன்றைக்கு நீ என்னைப் பார்த்த பார்வை. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். கவுண்டருக்கு வந்து, "அக்கா, பேனா தாறீங்களா?" என்றாள். பெயர், ஊர் எல்லாம் எழுதியவள் கல்வித் தகுதிக்கு வந்ததும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "பிளஸ் டூ" என்றேன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. எழுதினாள்.

மூன்று வருடம் என்னை மேடம் என்று கூப்பிட்ட பிள்ளை. ஒரு பார்வையில் புரிந்துகொண்டாள். அன்றைக்கு எனக்கும் புரிந்திருந்தால் இன்று அடுத்த கவுண்டரில் நீ இருந்திருப்பாய்.