கொடைக்கானலுக்குப் போகாத வாரம்

என் அன்பான என்னங்க,

மறுபடி மே மாதம் வந்துவிட்டது. ஃபிரிட்ஜ் கதவில் நீங்கள் ஒட்டிய தாளை நான் இன்னும் கிழிக்கவில்லை. பூண்டி, பழவேற்காடு, திருத்தணி என்று உங்கள் கோணல் எழுத்து. பூண்டிக்கு மட்டும் டிக் போட்டிருக்கிறீர்கள்.

"ஊட்டி கீட்டியெல்லாம் நமக்கு எதுக்குடி? அண்ணனூர்ல ரயில் ஏறி, திருவள்ளூர்ல பஸ் மாறினா பூண்டி ஏரி. சாயங்காலம் நம்ம ஊட்லயே வந்து படுத்துக்கலாம்" என்றீர்கள்.

எனக்குத்தான் வீம்பு. அயனம்பாக்கத்தில் இந்த ஃபிளாட்டுக்கு வந்ததிலிருந்து பார்க்கிறேன், லீவு விட்டால் ஆளாளுக்கு மூணாறு, குன்னூர் என்று வாட்ஸ்அப் குழுவில் படம் போடுகிறார்கள். பூண்டி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன வருடம், 'ஒரு வாரம் கொடைக்கானல்' என்று போட்டுவிட்டேன்.

நீங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்கள். ஆனாலும் எனக்காக வாசலில் கிடந்த செருப்புகளை உள்ளே எடுத்து வைத்தீர்கள். விடியுமுன் பூண்டிக்குக் கிளம்பி, வெயிலுக்கு எல்லாரும் கதவைச் சாத்தியிருந்த நேரம் பார்த்துத் திரும்பினோம். அப்புறம் ஜன்னலை மூடி, டிவியின் சத்தத்தையும் மகள் யாழினியின் சத்தத்தையும் அடக்கி, விசில் கேட்குமே என்று குக்கர்கூட வைக்காமல், சொந்த வீட்டில் திருடர்கள் மாதிரி இருந்தோம்.

மூன்றாம் நாள் பகலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்; வர நேரமாகும் என்றார்கள். பக்கத்து வீட்டில் பர்வீன் அக்கா இருந்தார். அவர்கள் கார் கீழேதான் நின்றது. நான் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றேன். கொடைக்கானலில் இருக்கவேண்டியவள் இந்தக் கதவிலிருந்து எப்படி வெளியே வருவேன்?

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. போய்த் தட்டியபோது உங்களுக்கு நினைவு தப்பியிருந்தது. அக்காவே காரை எடுத்தார். வழியிலேயே போய்விட்டீர்கள். நான் அப்படி நின்றதை நீங்கள் பார்த்தீர்களா?

"மலைக்குப் போய்ட்டு வந்த அலுப்பு, நெஞ்சு தாங்கல" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள். பாதியிலேயே திரும்பிவிட்டதாகச் சொல்லியிருந்த நான் அதற்கும் தலையாட்டினேன்.

நேற்று நம் யாழினி கேட்டாள்: "அம்மா, லீவுக்கு எங்க போனேன்னு ஸ்கூல்ல கேட்டா என்னா சொல்லணும்?" எங்கே போகிறோம் என்று பிள்ளை கேட்கவில்லை. அவளை அப்படிப் பழக்கியது நான்தான்.

இன்று காலை பர்வீன் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"நடுவுல ஒரு செவுருதானேம்மா கீது. தட்டியிருக்கலாமே" என்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை யாழினியைப் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போகிறேன். யார் கேட்டாலும் பழவேற்காடு என்றே சொல்வோம். உங்கள் செருப்பை மறுபடி வாசலில் வைத்திருக்கிறேன். இனி அதை உள்ளே எடுக்க மாட்டேன், இது உங்கள் மேல் சத்தியம்.

கதவைத் திறக்காமல் நின்ற உங்கள் மனைவி,
கோமதி