அம்மாவோடு டொலேடோவில் ஒரு நாள்

மார்ச் 14, வெள்ளி. மாட்ரிட்

அம்மா புதன்கிழமை வருகிறார். இன்னும் நம்ப முடியவில்லை. மொன்றியலுக்கு வந்த பிறகு ரொறன்ரோவைத் தவிர அவர் வேறெங்கும் போனதில்லை. அதுவும் கலியாணம், செத்தவீடு என்றால்தான். ஒரு பருவம் ஸ்பெயினில் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது, "தனிய என்னெண்டு இருப்பாய், ஜென்சி?" என்று அழுதவர், இப்போது தனியாக விமானம் ஏறுகிறார்.

அப்பா வரவில்லை. "கொம்மா போட்டு வரட்டும். எனக்கு வேலை" என்றார்.

மார்ச் 19, புதன்

வந்துவிட்டார். பெட்டி நிறைய மிளகாய்த்தூளும் மாசிச் சம்பலும். உடுப்பு இரண்டே இரண்டு.

"சனிக்கிழமை ஒரு பழைய ஊர் பாக்கப் போவம்" என்கிறார். டொலேடோ என்றேன்.

மார்ச் 22, சனி

அம்மா குளிக்கிறார். அவர் வெளியே வருவதற்குள் எழுதிவிட வேண்டும்.

காலை நன்றாகத்தான் இருந்தது. ரயிலில் கிட்டத்தான். குன்றின்மேல் ஊர், அதைச் சுற்றி வளைந்து ஓடும் ஆறு. சந்துகள் அப்படி ஒடுக்கம். ஒன்றில் அம்மா இரண்டு கையையும் விரித்து இரண்டு பக்கச் சுவரையும் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். படம் எடுத்தேன்.

பேராலயத்துக்கு வழி தெரியாமல் ஒரு பிரெஞ்சுத் தம்பதியிடம் அம்மாவே போய்ப் பிரெஞ்சில் கேட்டார். வழி கேட்டது கதையாகிவிட்டது. தான் வேலை செய்யும் கார்டெரி என்ற பிள்ளைகள் காப்பகம், அங்கே பூட்ஸ் போட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகள், எங்கள் ஊர்ப் பனி... பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாட்டைத் தெருவில் நின்று பாடியும் காட்டினார். அவர்கள் கை தட்டினார்கள். நான் ஓரமாக நின்றேன். இது என் அம்மாதானா?

வாள் விற்கும் கடை வாசலில் இரும்புக் கவசம் போட்ட போர்வீரன் பொம்மை. "கொப்பா மாதிரி. நிக்கிறார், ஒண்டும் கதைக்கிறாரில்லை" என்றார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பிறகு ஆற்றுப் பாலத்தில் அமர்ந்து பாதாம் இனிப்புச் சாப்பிட்டோம். அங்கேதான் சொன்னார்.

"பிள்ளை, நான் தனிய இருக்கப் போறன். மொன்றியலில ஜூலை முதலாம் தேதி எல்லாரும் வீடு மாறுறவைதானே, நானும் மாறுறன். செயின்ட்-மிஷேலில ஒரு அப்பார்ட்மென்ட் பாத்திட்டன்."

"அப்பா என்ன செய்தவர்?"

"ஒண்டும் செய்யேல்லை. அடிக்கேல்லை, குடிக்கேல்லை. அதாலதான் இவ்வளவு காலமும் எனக்கே சொல்லத் தெரியேல்லை." பிறகு, "காலமை நான் கதைச்சதைப் பாத்தனிதானே. வீட்டில அப்பிடிக் கதைக்கிறனானோ?"

எனக்குக் கோபம்தான் வந்தது.

"இதைச் சொல்லத்தானோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

"ஓம். ஆனா முதல் உன்னோட கொஞ்சம் சந்தோஷமா இருந்திட்டுச் சொல்லுவம் எண்டு நினைச்சன். கொப்பாவுக்கு இன்னும் தெரியாது. நான்தான் சொல்ல வேணும். நீ சொல்லிப்போடாத."

"நான் அப்பாவோடதான் இருப்பன்." நோகவேண்டும் என்றே சொன்னேன்.

"இரு பிள்ளை. அவருக்கு ஆள் வேணும்."

எழும்பி நடந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது அம்மா இல்லை. சந்து சந்தாக ஓடினேன். அம்மாவின் போன் இங்கே வேலை செய்யாது, ஸ்பானிஷும் தெரியாது. கடைசியில் ரயில் நிலையத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். விசாரித்து விசாரித்துத் தானே வந்திருக்கிறார்.

"பயந்திட்டியோ?" என்று என்னைக் கேட்டார். விட்டுட்டுப் போனது நான். கேக்கிறது அவ.

மார்ச் 23, ஞாயிறு

அப்பா போன் எடுத்தார். "கொம்மா சாப்பிட்டவவோ? அங்க குளிரே?" பிறகு குரலைத் தாழ்த்தி, "அவவுக்குச் சொல்லாத. குசினி அலுமாரிக் கதவெல்லாம் மாத்திறன். கன காலமாக் கேட்டவ. வந்து பாக்கட்டும்."

"அப்பா என்னவாம்?" என்று அம்மா கேட்டார்.

"ஒண்டுமில்லை."

அவ அவருக்குச் சொல்லாத எண்டுறா. அவர் அவவுக்குச் சொல்லாத எண்டுறார். நான் ஆருக்குச் சொல்லி அழ?

மார்ச் 26, புதன்

அம்மா போய்விட்டார். விமான நிலையத்தில் கட்டிப்பிடித்தார். நான் மரம்போல நின்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

"சொல்லிட்டன்" என்றார் அம்மா போனில்.

"அப்பா என்ன சொன்னவர்?"

"தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சார். பேந்து கராஜுக்குப் போயிட்டார்."

வீடு திரும்பிய அன்றே சொல்ல இருந்தாராம். சமையலறையில் புது அலுமாரிக் கதவுகளைப் பார்த்ததும் வாய் வரவில்லையாம்.

ஜூன் 14, சனி. மொன்றியல்

இரண்டு பேரும் ஒரே காரில் விமான நிலையத்துக்கு என்னைக் கூப்பிட வந்தார்கள். அம்மா பின்சீட்டில் என்னோடு இருந்தார். வீடு இருக்கும் கர்க்லாண்ட் வரைக்கும் வானொலிதான் கதைத்தது.

சாப்பிட்ட பிறகு அப்பா டொலேடோப் படங்களைக் கேட்டார். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனவர், கையை விரித்தபடி அம்மா சிரிக்கும் படத்தில் நின்றுவிட்டார்.

"இது ஆர் எடுத்தது?"

"நான்தான்."

போனைத் திருப்பித் தரவில்லை. "இவ இப்பிடிச் சிரிக்கிறவவோ?" என்றார். என்னைக் கேட்டாரா, தன்னைக் கேட்டாரா?

குளியலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூலை 1, செவ்வாய்

ஊரெல்லாம் லொறி. நடைபாதையெல்லாம் மெத்தை, சோபா. எங்கள் வீட்டு வாசலிலும்.

அப்பா வேலைக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. அம்மாவின் கட்டிலை அவரே கழற்றினார். மெத்தையின் ஒரு முனையில் அவர், மறுமுனையில் நான். படியில் இறங்கும்போது, "மெல்ல, பிள்ளை, மெல்ல" என்றார். 

நான் போகவில்லை. சொன்னபடியே அப்பாவோடு இருக்கிறேன். இதில் எனக்கு என்ன வெற்றி?

ஜூலை 20, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து முதன்முறையாக அம்மா வீட்டுக்குப் போனேன். மணியை அடித்துவிட்டு வாசலில் நின்றேன். அம்மா வீட்டு வாசலில் விருந்தாளி மாதிரி.

தேத்தண்ணி நான் போட்டேன். கோப்பை அலுமாரியின் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கேட்க வேண்டியிருந்தது. அம்மா கதைத்துக்கொண்டே இருந்தார்: மேல்வீட்டு ஹெயிட்டி மனுசி, கார்டெரியில் புதிதாக வந்த இரட்டைப் பிள்ளைகள், ஜான்-டலோன் சந்தையில் கண்ட முருங்கைக்காய். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். டொலேடோவில் விட்டுவிட்டு நடந்ததற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "தேத்தண்ணி ஆறப்போகுது" என்று கையைப் பிடித்தார்.

வெளிக்கிடும்போது ஒரு டப்பாவில் இறால் குழம்பு தந்தார். "ரெண்டு பேருக்கும் காணும். நான் தந்தது எண்டு சொல்லாத."

சொல்லவில்லை. அப்பா முதல் வாயிலேயே நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து முழுவதையும் சாப்பிட்டார்.

எழும்பிப் போய் டப்பாவைத் தானே கழுவினார், துடைத்தார், என் பைக்குள் வைத்தார்.

"அடுத்த ஞாயிறு போகேக்க குடு. நல்லா இருந்தது எண்டு சொல்லு."