பாலத்தில் அடித்த மணி

2007, ஆடி பரணி. இரவு.

ஆற்றுப் பாலத்தில் நாங்கள் ஒப்பந்தம் எடுத்துப் பொருத்திய, அதிர்வை அளக்கும் கருவி இன்றுதான் முதல்முறையாக எச்சரித்தது. பொதட்டூர்பேட்டைக் காவடிக் கூட்டம் பம்பை அடிக்கு ஒரே தாளத்தில் குதித்துக்கொண்டு ஏறியது. அதிர்வு எல்லையைத் தாண்டியதும் கருவியின் மணி அடித்தது. ஜனங்கள் கோயில் மணி என்று நினைத்து அரோகரா போட்டு இன்னும் ஓங்கிக் குதித்தார்கள்.

நெடுஞ்சாலைத் துறை இன்ஜினியர் ஓடிவந்தார். "விஷயம் தெரிஞ்சா தள்ளுமுள்ளு ஆயிடும். நாளைக்கு கிருத்திகை முடியற வரைக்கும் மிஷினை நிறுத்தி வையுங்க."

"கூட்டம் ஏறுற நாளுக்குத்தானே சார் இதை வச்சிருக்கோம்?"

"பாலம் எங்க தாத்தா காலத்துலேர்ந்து நிக்குது. உங்க மிஷின் நேத்து வந்தது."

வாதாடத் தெம்பில்லை. நிறுத்திவிட்டு வந்தேன்.

சோறு போடும்போது மனைவி சொன்னாள். "நாளைக்கு அக்கா வீட்டு பாவா காவடி எடுத்துகினு வர்றாரு. நம்ம பசங்களும் கூட ஆடிகினே வருவாங்க."

"எந்த வழியா?"

"இது என்ன கேள்வி? பாலத்து மேலதான்."

உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது. கருவிப் பெட்டியின் சாவியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுத்தான் படுக்கிறேன். விடிவதற்குள் போய் ஓடவிட வேண்டும். ஜனங்கள் கோயில் மணி என்றே நினைக்கட்டும். மணி அடித்தால், பம்பைக்காரன் கையைப் பிடிக்க நான் அங்கே நிற்பேன்; தாளம் நின்றால் குதிப்பும் நிற்கும். இன்று ஆடியவர்களுக்காக இப்படி நிற்க எனக்குத் தோன்றவில்லை.