அம்பாசிடர் ஓடிய அதிகப்படி ஐம்பது

இன்று தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பழைய கறுப்பு லேண்ட்மாஸ்டர் கார் கதவு திறந்து நின்றது. வெயிலில் காய்ந்த ரெக்சினும் பெட்ரோலும் கலந்த வாடை மூக்கில் ஏறியதும் அங்கேயே நின்றுவிட்டேன். நீங்கள் போய் மூன்று வருஷமாகிறது. இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

நம் முதல் காரும் அதுதானே. கதவு கனக்கும், பாறசாலை தாண்டுவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். மாதம் இரண்டு ஞாயிறு அதில் நாகர்கோவில் போய், தனியாக இருந்த உங்கள் அக்காவைப் பார்த்து வருவீர்கள். போய்வந்தால் மீட்டரில் எண்பத்தைந்து ஏறியிருக்கும். நான் பார்த்துவைப்பேன். என் புத்தி அப்படி.

எழுபத்து மூன்றில் அதை விற்று வெள்ளை அம்பாசிடர் வாங்கினீர்கள். மெத்தென்ற சீட்டு, அலுங்காத ஓட்டம். நீங்களும் புதுச் சட்டையும் பவுடருமாகக் கிளம்பினீர்கள். திரும்பி வந்தபோது மீட்டரில் நூற்று முப்பத்தாறு! செடிக்குத் தண்ணீர் விடும் சாக்கில் இரண்டு தரம் எட்டிப் பார்த்தேன்.

“வழியில வேற எங்கயும் போனியளா?”

“எங்க போக? அக்கா வீடு, விட்டா நம்ம வீடு.”

நீங்கள் சிரித்ததுகூட எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த தடவையும் அதே நூற்று முப்பத்தாறு. அந்த அதிகப்படி ஐம்பதில் ஒருத்தியை மனசுக்குள் நானே குடிவைத்தேன். விழிஞ்ஞத்தில் அவளுக்கு வீடும் பார்த்துக் கொடுத்தேன். உங்கள் சட்டையை மோந்து பார்த்தேன். “நீயும் வாயேன்” என்றீர்கள்; அதுவும் நடிப்பென்று நினைத்தேன். ஞாயிறு தோறும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள, நீங்கள் போவதையே நிறுத்திவிட்டீர்கள். ‘தம்பிக்கு என் மேல என்ன கோவம்?’ என்று அக்கா போட்ட கார்டை இரண்டு தரம் படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள்.

ஆடியில் தந்தி வந்தது. அக்கா போய்விட்டாள். அன்றுதான் முதல்முறையாக அம்பாசிடரின் முன் சீட்டில் உட்கார்ந்தேன். நீங்கள் அழுதுகொண்டே ஓட்டினீர்கள். நானோ, வெட்கங்கெட்டவள், மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தேன். சாலையோரக் கல்லில் ஒரு கிலோமீட்டர் குறையும்போதெல்லாம் மீட்டரில் ஒன்று ஏறியது. அக்கா வீட்டில் இறங்கும்போது அறுபத்தெட்டு; போக வர நூற்று முப்பத்தாறு. பழைய வண்டி காட்டியது மைல், புதியது காட்டுவது கிலோமீட்டர். நீங்கள் எங்கும் போகவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி உங்களிடம் சொன்னாள்: “ஞாயித்துக்கிழமையானா அக்கா வாசநடையிலயே இருப்பாவ, கார் சத்தம் கேக்குதான்னு.”

நீங்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதீர்கள். நான் உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். அதன் பிறகும் எத்தனையோ வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். அக்காவைக் கைவிட்டது உங்கள் தப்பென்று நினைத்தபடியே நீங்கள் கண்ணை மூடினீர்கள். அது என் தப்பு.