ஒன்றாம் கொதிகலன் எந்தப் பக்கம்?

எட்ஃபு
9 ஜனவரி 1993

அன்புள்ள வஜீஹுக்கு,

நலம். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா? கெய்ரோ போனதும் பள்ளிக்கூடத்துச் சிநேகிதனை மறந்தாயிற்று போலிருக்கிறது.

சர்க்கரை ஆலையில் அரைவை தொடங்கிவிட்டது. நீ வடிவமைத்து அனுப்பிய கட்டுப்பாட்டுத் திரையோடு மல்லுக்கட்டி மண்டை காய்கிறது. கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடிச் சுவர் வழியே பார்த்தால், நாலு கொதிகலன்களில் ஒன்றாம் கொதிகலன் என் இடது கைப்பக்கம் நிற்கிறது. உன் திரையிலோ அது வலது ஓரம். அவசரத்தில் கை எங்கே போகும், சொல்! நாங்களே காகிதத்தில் எண் எழுதித் திரையில் ஒட்டியிருக்கிறோம். "அண்ணே, இந்த இன்ஜினியரு ஆலைக்கு முதுகக் காட்டிக்கிட்டு நின்னு வரைஞ்சாரா?" என்று என்னோடு வேலை பார்க்கும் பக்ரி சிரிக்கிறான். படத்தைத் திருப்பிப் போடு, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

உன்
ஷாதலி

கெய்ரோ
23 ஜனவரி 1993

அன்பு ஷாதலி,

கோபிக்காதே. வெளிநாட்டுக்காரன் தந்த மாதிரிப் படம் இடமிருந்து வலமாகத்தான் இருந்தது. நம் ஆட்கள் அரபியில் வலமிருந்து படிப்பவர்கள் என்று சண்டை போட்டு மாற்ற வைத்தவனே நான்தான். அதற்கு இதுவா நன்றி? இரண்டு வாரம் பழகினால் சரியாகிவிடும்.

மேலதிகாரி அங்கே வந்து உங்கள் காகிதங்களைப் பார்த்துவிட்டு, "இதென்னய்யா, சந்தைக் கடையா?" என்று என்னைக் கிழித்துவிட்டார். எனக்காக அவற்றைப் பிய்த்துவிடு.

வஜீஹ்

எட்ஃபு
2 மார்ச் 1993

வஜீஹுக்கு,

உனக்காகத்தான் பிய்த்தேன். போன மாதம் பதினாலாம் தேதி ஒன்றாம் கொதிகலனில் அழுத்தம் ஏறி மணி அலறியது. கண்ணாடி வழியே ஒன்றைப் பார்த்தேன், கை தானாகத் திரையின் இடப்பக்கம் போய் நீராவியைத் திறந்துவிடும் பொத்தானை அழுத்தியது. திரையில் அங்கே இருந்தது நாலாம் கொதிகலன். நிறுத்தி வைத்த நாலின் குழாயைக் கழற்றிப் பக்ரி துடைத்துக்கொண்டிருந்தான். பொதுக் குழாயிலிருந்த நீராவி அதன் வழியே பாய்ந்து அவன் இரண்டு கைகளும் வெந்துபோயின.

விசாரணைக்கு நீ வந்தாய். "ஒண்ணாம் நம்பர அழுத்திக் காட்டுடா" என்றேன். கண்ணாடியைப் பார்த்தாய். உன் கையும் இடப்பக்கம்தான் போனது! அறையில் எல்லாரும் பார்த்தோம். அப்பாடா, புரிந்துவிட்டது என்று நம்பினேன், முட்டாள்.

நேற்று அறிக்கை வந்தது. 'பணியாளரின் கவனக்குறைவு.' கீழே உன் கையெழுத்து. ஆஸ்பத்திரியில் பக்ரி, "அண்ணே, படத்தத் திருப்பிட்டாங்களா?" என்று கேட்கிறான்.

காகிதங்களைத் திரும்ப ஒட்டிவிட்டேன். வேலை போனால் போகட்டும். நோன்பு மாதத்தில் யாரையும் ஏசக் கூடாது, அதனால் இதோடு நிறுத்துகிறேன். இனி எனக்கு எழுதாதே.

இப்படிக்கு,
கவனக்குறைவான பணியாளர்