வாசல் தாண்ட ஓட்டெடுப்பு

மே 4, திங்கள்

காலையிலேயே அனல். இலை அசையவில்லை. சமையல் முறை எனக்கு. பதினெட்டுப் பேருக்கு இட்லி, தக்காளிச் சட்னி.

விளாங்குடி வீட்டை விட்டு இந்தப் பொட்டலுக்கு வந்து நாலு மாதம். ஆறு குடும்பம், இரண்டு ஹாலந்திலிருந்து வந்தவை. தனிச் சமையல் இல்லை, சொந்த வண்டி இல்லை. எல்லாம் பொது. ச.வுக்கு (என் வீட்டுக்காரர் சரவணன்) இதுதான் சொர்க்கம். எனக்கு மூச்சு முட்டுகிறது. சுற்றிலும் வெட்டவெளி, அதிலேயே.

மாலை வில்லாபுரத்திலிருந்து அம்மா போன். வெள்ளிக்கிழமை கண் ஆபரேஷன். "வாரியாடீ?" "வாரேம்மா" என்றுவிட்டேன். இங்கே கூட்டத்தில் கேட்க வேண்டும்.

மே 5, செவ்வாய்

கூட்டம். நாலு நாள் அம்மாவோடு இருக்க வேண்டும் என்றேன். யான் (ஹாலந்துக்காரர், இதையெல்லாம் தொடங்கியவர்) தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "முதல் வருஷம் யாரும் வெளியே தங்கறது இல்லை. சேர்ந்து முடிவு பண்ணினோம். இங்கே முதலாளி கிடையாது. இவங்க போகலாம்னா கை தூக்குங்க."

தூக்கியது ஒருத்தி. யானின் மனைவி லோட்டே.

ச. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 6, புதன்

ச.வோடு பேச்சில்லை. அவராகவே வந்தார். "நான் தூக்கியிருந்தா நாளைக்கு ஆளாளுக்குக் கிளம்பிருவாங்க புள்ள. இம்புட்டு பாடுபட்டது எதுக்கு?"

"எங்கம்மா கண்ணுங்க."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பிற்பகல் கத்தரிப் பாத்தியில் களை. பக்கத்தில் லோட்டே. தலை நிமிராமல் சொன்னாள்: "போன மாசம் என் அப்பா இறந்தார். ஹாலந்துல."

"யார்கிட்டயும் சொல்லலையே?"

"சொன்னா போகணும். போக, கூட்டத்துல கேக்கணும். யான் கை தூக்க மாட்டார். அதைப் பார்க்க எனக்குப் பயம்."

எனக்கு அந்தப் பயம் நேற்றோடு போயிற்று.

மே 7, வியாழன்

எடுத்து வைத்தவை: புடவை 3, சீப்பு, ஆதார் அட்டை, இந்த நோட்டு.

காலைச் சாப்பாட்டில், எல்லார் முன்னாலும்: "நான் வில்லாபுரம் போறேன்."

யான் குரலை உயர்த்தவில்லை. "போகலாம். யாரையும் பூட்டி வைக்கலை. திரும்பிச் சேரணும்னா புதுசா ஓட்டு."

பூட்டு என்று ஒன்று இருந்தால் உடைத்திருப்பேன்.

ச. பையை வாங்கிக்கொண்டு பஸ் ரோடு வரை வந்தார். "வேணாம் புள்ள."

"நீங்களும் வாங்களேன்."

"எப்படி?" என்றார். அதற்குள் பஸ்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். ஹாரன் சத்தத்தை நின்று கேட்டேன்.

மே 8, வெள்ளி

ஆபரேஷன் நல்லபடி. ஆட்டோவில் அம்மா: "எம்புட்டு நாள் இருப்ப?"

தெரியாது. வில்லாபுரம் வீடு தம்பியுடையது. ஒரே அறை, அவன் பிள்ளைகளோடு நானும். தம்பி மனைவி இரண்டு முறை கேட்டுவிட்டாள், "அண்ணே எப்ப வாராக?" விளாங்குடி வீட்டில் இப்போது வேறு யாரோ. இங்கே இருக்கவும் கேட்க வேண்டும், அங்கே போகவும்.

மே 10, ஞாயிறு

பதினோரு மணி வெயில். வாசலில் ச. தோளில் ஒரு பை. சட்டை முழுக்க வியர்வை.

உள்ளேயிருந்து அம்மா: "யாருடீ?"

"மாப்பிள்ளைம்மா."

அவரிடம்: "கூட்டத்துல என்ன சொன்னாங்க?"

"கேக்கலை. வந்துட்டேன்."

சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். இன்னொரு சொம்பு. உள்ளே வாங்க என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை. எதிர்வீட்டுச் சுவர் நிழலில் நிற்கிறார்.